பொறுமைக்கு நான் போட்ட மதிப்பெண்

அன்புள்ள மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். நான் கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் மனைவி எஸ்தர் எப்படி இருக்கிறாள் என்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். இடது தாடை வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடிக்கொண்டிருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியில் பிடுங்கிவிட்டார்கள். இடது காதில் பேசினால் அவளுக்குக் கேட்கவில்லை. உச்சந்தலையில் ஒரு இடத்தில் முடி வேரோடு போய்த் தோல் தெரிகிறது. ஆம்பூரில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். நான்தான் விலக்கிப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல அத்தை, கெணத்தடியில வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள். கிணற்றடியில் விழுந்தவள் கழுத்தில் விரல்கள் எப்படிப் பதியும் என்று நான் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

நேற்று நீ மேற்பார்வை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து தோல் ஏற்றிக்கொண்டு வேலூருக்கு வந்த வண்டிக்காரப் பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க புள்ள, சின்னவரு சொன்னத அப்டியே சொல்றேன். வெள்ளிக்கெழம ஷாப்பு லீவாம். வந்து கூட்டினு போவாராம். அனுப்பலன்னா முடியப் புடிச்சி இழுத்துனு போவாராம்." முடி இன்னும் மிச்சம் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்ததோ. இன்று சாயங்காலம் அவர் ஆம்பூர் திரும்புகிறார். உனக்கான பதிலை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. வழியில் அவர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எஸ்தருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். அடுத்த வாரம் பெயர்களை எடுத்துவிட்டு என் மாணவிகளுக்கும் வாசிப்பேன். உனக்கு மானம் போகும் என்று தெரியும். போகட்டும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. பெண்கள் ட்ரெய்னிங் ஸ்கூலில் டீச்சர் என்று ஊருக்குச் சொல்வாய், அவ்வளவுதான். நாளைக்கு வாத்தியார் வேலைக்குப் போகப்போகும் பெண்களுக்கு நான் மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். எதிரில் இருக்கும் ஆள் எப்படிப்பட்ட குணம், எதற்குப் பயப்படும், எதற்குக் கோபப்படும் என்று கண்டுபிடிக்கப் பழக்குவது என் பாடம். ஸ்கூலை நடத்தும் எங்கள் வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாள் சீமையிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்தார். உங்களுக்கு அடிக்கடி கோபம் வருமா, ஆம் அல்லது இல்லை என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். என் மாணவிகள் எல்லாரும் ஒரே மாதிரி "இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி முதல் நாள்தான் விடுதியில் சோற்றுத் தட்டைத் தூக்கி இன்னொருத்தி மண்டையில் அடித்திருந்தாள். நான் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். ஆளை அறியவேண்டுமென்றால் ஆளுக்கு எதிரில் போய் உட்காரவேண்டும். முதலில் அவர்களை ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கச் சொன்னேன். பிறகு சந்தைக்கு அழைத்துப்போனேன். அதிலும் முகத்துக்காகப் பேசும் பேச்சு ஜாஸ்தியாக இருந்தது. கடைசியில் பெண்கள் இருக்கும் சிறைக்கு அனுமதி வாங்கினேன். அங்கே இருப்பவர்களுக்கு நம்மிடம் நல்ல பெயர் வாங்கி ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

சிறைக்குள் போவதற்கு முன் அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். தரையில் உட்கார். உன்னை விடத் தாழ்ந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்க்காதே. ஏன் செய்தாய் என்று மட்டும் கேட்காதே. ஏன் என்று கேட்டால் வக்கீல் சொல்லிக்கொடுத்தது வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். அன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேள், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேள், மறுபடியும் அப்புறம் என்று கேள். முகத்தைப் பார்க்காதே, முகம் பழகியிருக்கும். கையைப் பார். வெளியே வந்ததும் கோபம், பயம், பாசம், பொறுமை, வாய்மை என்று ஒவ்வொன்றுக்கும் உன் மனதுக்குப் பட்ட மதிப்பெண் போடு. மறுநாள் வகுப்பில் உன் மதிப்பெண்ணைப் பற்றி நாம் சண்டை போடலாம். இந்தச் சண்டைதான் பாடம். எஸ்தர் சிறைக்கு அனுமதி வாங்கிய வருஷத்து மாணவி. குடியாத்தத்தில் கைலி நெய்பவரின் மகள், ஒல்லியாக இருப்பாள், கேட்டால்தான் பேசுவாள்.

அந்த நாளை நான் மறக்கமாட்டேன். காட்பாடி ஸ்டேஷனில் பயணிகளின் பையை அறுத்துப் பிடிபட்ட ஒருத்தி இருந்தாள். சிறையே அதிரும்படி கத்துவாள், வார்டர் அம்மாக்களையே கெட்ட வார்த்தையில் திட்டுவாள். எஸ்தர் அவள் எதிரில் உட்கார்ந்து, "உங்க கொழந்த இப்ப யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டாள். கேட்டு முடிக்கவில்லை. ஓங்கி ஒரு அறை. எஸ்தரின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அதோடு விடாமல் அவள் எஸ்தரின் ஜடையைக் கையில் சுற்றித் தலையைச் சுவரில் மோதினாள். நான் போய்ப் பிடிப்பதற்குள் இரண்டு வார்டர்கள் ஓடிவந்து அந்தப் பெண்ணைத் தடியால் முட்டியிலும் முதுகிலும் அடித்துத் தரையில் போட்டுவிட்டார்கள். மற்ற பெண்கள் அலறிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினார்கள். எஸ்தர் இடத்தை விட்டு அசையவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்தவளிடம், "நான் கேட்டது தப்பு. வேற எதுனா கேக்கட்டுமா?" என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனதில் அப்போது என்ன ஓடியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். எஸ்தர் கேட்கவில்லை. இன்னொரு ஆளையாவது பார்க்காமல் வரமாட்டேன் என்றாள். அப்படித்தான் குப்பம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். குப்பம்மா மாதனூர்ப் பக்கம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவளாக இருந்தவள். புருஷன் அதே ஷாப்பில் தோலில் ஒட்டிய சதையைக் கத்தியால் சீவும் வேலை. அவனைக் கொன்றுவிட்டு வந்தவள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. எஸ்தரின் மூக்கில் ரத்தத்தைப் பார்த்ததும் தன் சேலை நுனியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டாள். "வலிக்குதா பாப்பா? அண்ணாந்து உக்காரு" என்றாள்.

எஸ்தர் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டாள். "அன்னிக்கு இன்னா சமைச்சீங்க?"

"களி கிண்டி கருவாட்டுக் கொழம்பு வச்சேன். வெள்ளிக்கெழம ஷாப்பு லீவு இல்ல? மத்த நாள்ள எம் புருசன் வேலைக்குப் போய்ட்டு வந்து அசந்து படுத்துக்கும். வெள்ளிக்கெழமதான் அடி ஜாஸ்தி. அன்னிக்கு கொழம்பு நல்லா வந்துச்சு. அதுவும் நல்லா சாப்ட்டுச்சு."

"அப்புறம்?"

"கை கழுவ சொம்புல தண்ணி குடுத்தேன். அந்தச் சொம்பாலயே வாயில ஒண்ணு வச்சிது. பல்லு ரெண்டு உள்ள போய்ட்ச்சி. எதுக்குன்னு கேக்காத. எதுக்குமில்ல. அப்டியே பாயப் போட்டுப் படுத்துக்கிச்சி."

"நீங்க அழுதீங்களா?"

"அதான் எனக்கே ஒண்ணும் புரியல. எப்பவும் கை ஓங்கினாலே ஒடம்பு தானா சுருங்கிக்கும். அன்னிக்கு சுருங்கல. கண்ணு கூட மூடல. மனசு அப்டியே தெளிஞ்சி போய்ட்ச்சி பாப்பா. பாத்தரம் வெளக்கினேன். அடுப்ப மொழுகினேன். பட்டை இடிக்கிற ஒலக்கைய எடுத்தேன்."

"அப்புறம்?"

"இடிச்சேன். பட்டை இடிச்ச கை. ஆரம்பிச்சா தூளாவற வரைக்கும் நிக்காது. போலீசு டேசன்ல இருந்து வந்தவங்க காலு வெரல பாத்துதான் இன்னாருன்னு எழுதினாங்க. மூஞ்சின்னு ஒண்ணு இல்ல."

எஸ்தர், "இங்க தூக்கம் வருதா?" என்று கேட்டாள். நான் அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. குப்பம்மா சிரித்தாள். "இங்க வந்துதான் பாப்பா தூங்கறேன். கதவ வெளியிலருந்து பூட்றாங்க இல்ல? உள்ள யாரும் வர முடியாது." அதைச் சொல்லும்போது அவள் கை எஸ்தரின் கையைத் தடவிக்கொண்டிருந்தது.

மறுநாள் வகுப்பில் மதிப்பெண்களைப் படித்தோம். பை அறுத்தவளுக்கு எல்லாரும் ஒரே குரலில் கோபத்துக்கு முழு மதிப்பெண், பொறுமைக்குச் சுழி. குப்பம்மாவுக்குப் பாசம் முழுசு, பொறுமை முழுசு, கோபம் இல்லை. கொலை செய்தவளுக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். அது ஏதோ வேளை சரியில்லாமல் நடந்தது என்றார்கள். நான் மேஜையைத் தட்டிப் பேசினேன். கத்துகிறவள் அன்றாடம் கொட்டிவிடுகிறாள், அவளால் மூக்கில் ரத்தம் வரும், அதற்கு மேல் வராது. அடியை வாங்கி வாங்கி உள்ளே அடுக்கிக்கொண்டவளைப் பார்த்து நாம் பொறுமைசாலி என்று மெச்சுகிறோம். நம் வீடுகளில் பெண் குழந்தை விழுந்து அடிபட்டு அழாமல் இருந்தால் சமத்து என்கிறோம். பொறுமை என்று நீங்கள் மதிப்பெண் போட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் ஒரு ஆளையும் எடை போடாதீர்கள் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். மாணவிகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். துரைசாணி அம்மாள் வெளியே நின்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதே வாரம் வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு குடியாத்தம் போய் எஸ்தரை உனக்குப் பெண் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று இத்தனை நாள் எல்லாரிடமும் சொன்னது வேறு. நல்ல குடும்பம், படித்த பெண், கோயிலுக்கு ஒழுங்காக வருகிறவள் என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. சிறையில் அவள் மூக்கில் ரத்தம் வழிய அசையாமல் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியது இதுதான்: இவள் தாங்குவாள். என் பிள்ளையை இவள் தாங்குவாள். ஆமாம், உன்னை எனக்குத் தெரியும். தெரிந்துதான் தேடினேன். அடிக்கிறவனைத் திருத்த எனக்குத் துப்பில்லை, அடி வாங்கத் தெரிந்தவளைக் கண்டுபிடிக்கத் துப்பு இருந்தது. என் வகுப்பு, என் சிறை, என் கேள்விகள் எல்லாம் கடைசியில் உனக்கு ஒரு தாங்குகட்டை தேடத்தான் பயன்பட்டன. அவளுடைய அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, "டீச்சரம்மா வூட்டுக்குன்னா கண்ண மூடினு குடுப்பேன்" என்றார். கண்ணைத் திறக்கச் சொல்லியிருக்கவேண்டியவள் நான்.

உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஊரில் பேசுகிறார்கள். உன் அப்பாவைச் சொல்ல வழியில்லை. நீ தொட்டிலில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டவர், அவர் இருந்தவரை ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அதட்டியதில்லை. என்னைத்தான் சொல்லவேண்டும். உன்னை நான் அடித்த அடி கொஞ்சமா? அகப்பைக் காம்பு உடையும்வரை அடித்திருக்கிறேன். ஒரு முறை பொய் சொன்னாய் என்று தலையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தினேன், நீ என் மணிக்கட்டைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டாய். அந்தத் தழும்பு இப்போது எழுதும்போதும் என் கண்ணில் படுகிறது. அடித்து முடித்ததும் எனக்கு அழுகை வரும். அடித்த கையாலேயே வெல்லக்கட்டியை உடைத்து உன் வாயில் போடுவேன், மடியில் கிடத்திக்கொள்வேன். நீயும் வெல்லத்தைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாய். போன கிறிஸ்துமஸுக்கு நீ எஸ்தருக்கு எடுத்துக்கொடுத்த பட்டுப் புடவையைப் பார்த்துக் கோயிலில் எல்லாரும் மெச்சினார்கள். அந்த வாரம்தான் அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாய் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது பட்டு இல்லை மகனே, நான் கொடுத்த வெல்லம். அடியும் என்னிடம் கற்றதுதான், அடித்த பிறகு கொஞ்சுவதும் என்னிடம் கற்றதுதான். அதற்காக உன் கணக்கை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். நீ வளர்ந்த ஆள். என் கை உன் தோளில் இல்லை.

கோபம் வந்தால் கண் தெரியாது, கை என்ன செய்கிறது என்றே தெரியாது என்று எஸ்தரின் அப்பாவிடம் சொன்னாயாம். இந்த இடத்தில் கொஞ்சம் நில். நான் ஆளைக் கேள்வி கேட்டே காலம் தள்ளியவள், என்னிடம் இது நடக்காது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் ஆம்பூர் வந்தபோது உன் ஷாப்பில் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். சுண்ணாம்புத் தொட்டியில் தோல்களை எடுக்கவேண்டிய நாளில் எடுக்காமல் விட்டுவிட்டாய், எல்லாம் வெந்து பிய்ந்து போயிருந்தன. முதலாளி உன்னை அத்தனை வேலைக்காரர் முன்னால் நிறுத்தி, "இன்னாப்பா, கண்ணு பொடனியில இருக்குதா? உன்ன நம்பி வுட்டேனே, என் செருப்பால நானே அடிச்சிக்கணும்" என்றார். நீ கையைக் கட்டிக்கொண்டு, "தப்புதாங்க மொதலாளி" என்றாய். உன் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தாய். அதன்பிறகு தொட்டியைக் கிளறும் கழியை எடுத்து, அங்கே குனிந்து நின்ற ஒரு வயதான வேலைக்காரரை முதுகிலும் காதோரத்திலும் அடித்தாய். அவர் சுண்ணாம்புத் தண்ணீரில் விழுந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு கத்தினார். நீ மறுபடியும் கழியை ஓங்கினாய். சுற்றி நின்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர், "சின்னவருக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்திம்மா, மத்தபடி தங்கமான ஆளு" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அது கோபம் இல்லை. கோபம் என்றால் முதலாளி மேல் வந்திருக்கவேண்டும். யாரை அடித்தால் திருப்பி அடிக்கமாட்டார்கள் என்று உன் கைக்கு நன்றாகத் தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை நடந்ததை எஸ்தரிடம் நான் கேட்டேன், என் மாணவிகள் கேட்கிற மாதிரியே கேட்டேன். அன்றைக்கு என்ன சமைத்தாய், அப்புறம் என்ன, அப்புறம் என்ன. கிணற்றடிக் கதையை விட்டுவிட்டு அவள் நடந்ததைச் சொன்னாள். நீ சாப்பிட்டாய். தட்டைத் தள்ளினாய். எழுந்து போனாய். தெருக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாய். ஜன்னலையும் சாத்தினாய். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாய், கறை படக்கூடாது என்று. அதன்பிறகு வந்து அவள் கழுத்தைப் பிடித்தாய். கண் தெரியாதவன் தாழ்ப்பாளை எப்படித் தேடிப் போட்டான்? கை என்ன செய்கிறது என்று தெரியாதவன் சட்டையை எப்படிக் கழற்றினான்? இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் கேட்க ஆசைப்படுகிறேன்.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். எஸ்தரை நான் அனுப்பமாட்டேன். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பை அவள் முடிக்கலாம், துரைசாணி அம்மாளிடம் பேசிவிட்டேன், இடம் உண்டு என்றார். டாக்டர் எழுதிக்கொடுத்ததை எடுத்துப்போய்ப் போலீசில் கொடுத்துவிட்டேன். கொடுத்தது உன் தாய் என்பதையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை நீ வந்து வாசலில் நின்றால் முதலில் என் முடியைப் பிடிக்கவேண்டியிருக்கும். நரைத்துப்போன முடி, பிடிக்கு அகப்படுமோ என்னவோ.

உனக்கு என்று ஒரு வழி வைத்திருக்கிறேன். லீவு நாளில் வேண்டாம். முதலாளியிடம் கேட்டு, கூலி போனாலும் பரவாயில்லை என்று, வேலை நாள் ஒன்றில் பகலில் வா. நான் பாய் விரித்து வைக்கிறேன். தரையில் என் எதிரில் உட்கார். நான் ஏன் அடித்தாய் என்று கேட்கமாட்டேன். அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று தொடங்குவேன். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே போவேன். கதவைச் சாத்திய இடம் வரும்போது நீ உன் வாயால், நான்தான் சாத்தினேன், தெரிந்துதான் சாத்தினேன் என்று சொல்லவேண்டும். அழக்கூடாது, காலில் விழக்கூடாது, புடவை வாங்கி வரக்கூடாது. அந்த வயதான வேலைக்காரரின் வீட்டுக்குப் போய் அவர் கண் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருந்தால் அதையும் சொல்லலாம். எஸ்தர் பக்கத்து அறையில் இருப்பாள், கேட்பாள். அதன்பிறகு அவள் வருவாளா வரமாட்டாளா என்பது அவள் முடிவு. நான் ஒரு தரம் அவளுக்காக முடிவெடுத்தது போதும். இதில் என்ன அவமானம் என்று கேட்காதே. சிறையில் இருப்பவர்களே உட்கார்ந்து சொல்கிறார்கள், நீ சொன்னால் என்ன.

இதுவரை எழுதியதை எஸ்தருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இதற்குக் கீழே எழுதுவது அவளுக்குத் தெரியாது. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் முடித்து மடித்து வண்டிக்காரரிடம் கொடுத்துவிடவேண்டும், அவர் வாசலில் காத்திருக்கிறார்.

படிக்கும்போது அழுவாள் என்று நினைத்தேன். குடியாத்தம் போய்ப் பெண் கேட்ட காரணத்தைப் படித்த இடத்தில் என் குரல்தான் உடைந்தது. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லா எழுதிக்கிறீங்க அத்தை" என்றாள். என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். "எதுக்கு அத்தை" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவரு வரட்டும் அத்தை. வெள்ளிக்கெழமையே வரட்டும். நான் அவரோடவே போய்ட்றேன். உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். மடியில் சும்மா கிடந்தது. வந்து இறங்கிய அன்றைக்கு ஜட்காக்காரர் சவுக்கைச் சொடுக்கினதற்கே தோளைக் குறுக்கிக்கொண்டவள் இவள். இன்று காலையில் அவள் முதுகுக்குப் பின்னால் பித்தளை அண்டா படியில் உருண்டு விழுந்தது. நான் பதறிப்போனேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பியவள் வாசற்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்த முகம். "அத்தை, குப்பம்மா இருக்கற எடத்துல இன்னும் கதவ வெளியிலருந்துதான பூட்றாங்க?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வராதே, மகனே. நீ எப்படிப்பட்டவனாக இருந்தாலும் நான் பெற்ற பிள்ளை. வராதே.

உன் அம்மா